விமானம் போகும்போது மட்டும் சொன்னவன்

சாதிக் இறந்த செய்தி எங்கள் தெருவுக்குத் தானாக வரவில்லை. நான்தான் கொண்டுவந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் அவனுடைய அப்பா, எங்களுக்கெல்லாம் அத்தா, என் தோளைப் பிடித்து, "வீட்ல போய் சொல்லிடுப்பா" என்றார். எப்படிச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

வழியில் ஸ்டேஷன் சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற சாதிக்கின் சைக்கிளைத்தான் எடுத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சைக்கிளில் பெல்லைத் தவிர எல்லாமே சத்தம் போடும். தெருமுனையில் திரும்பும்போதே செயின் கவர் கடகடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவன் அம்மா சிரித்துக்கொண்டே வாசலுக்கு ஓடிவந்தார். சைக்கிளில் நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

பத்து நிமிஷத்தில் தெரு கூடிவிட்டது. முதலில் வந்தவர் முதலில் சொன்ன வார்த்தை "பாவம்". பிறகு வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். சாதிக் உயிரோடு இருந்திருந்தால் அந்த ஒரு வார்த்தைக்காகவே கதவைச் சாத்தியிருப்பான்.

நம் படிப்பகத்துக் கையெழுத்துப் பத்திரிகையின் ஆசிரியர் சேகர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, நினைவஞ்சலி எழுது, ரெண்டு பக்கம் தருகிறேன் என்றார். வழக்கமாக இந்தப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் நான் கடி ஜோக் எழுதுவேன், சாதிக் படம் போடுவான். "இது கடைசிப் பக்கம் இல்லடா வெங்கட்டு. மரியாதையா எழுது. யாரையும் கடிக்காதே" என்று சொல்லித்தான் பேப்பரைக் கொடுத்தார். சரி என்று வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்ளும்போதே கடிக்கத்தான் போகிறேன் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தப் பத்திரிகை நூல் கட்டி வீடு வீடாகப் போகும். அதனால் நான் யாரை நினைத்து எழுதுகிறேனோ, அவர்கள் கைக்கு இது கட்டாயம் வந்து சேரும்.

எனக்கும் அவனுக்கும் பழக்கம் தொடங்கியது ஒரு க்ரீம் பிஸ்கட்டில். டியூஷனில் நான் ஒரு பாக்கெட் க்ரீம் பிஸ்கட்டைப் பிரித்து, க்ரீமை நான் நக்கிவிட்டு, அந்த இடத்தில் டூத்பேஸ்டை வைத்து மூடி எல்லோருக்கும் நீட்டினேன். வாத்தியார் உட்பட எல்லோரும் கடித்தார்கள். சாதிக் மட்டும் வேண்டாம் என்றான். வற்புறுத்தினேன். வேண்டாம் என்றான். என்னிடம் ஏமாறாத முதல் ஆள் என்பதால் எனக்குத் தூக்கம் வரவில்லை. எப்படிக் கண்டுபிடித்தாய், எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஒரு வாரம் அவன் பின்னாலேயே சுற்றினேன். கடைசியில், வா சொல்கிறேன் என்று என்னைச் சைக்கிளில் பொழிச்சலூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே அவனுடைய மாமா கட்டி முடிக்காமல் விட்டிருந்த ஒரு வீடு இருந்தது. மொட்டை மாடியில் நின்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் வயிறு தலையில் இடிப்பது போல வரும்.

ஒரு விமானம் வந்தது. சாதிக் வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து எதையோ கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது மட்டும் தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. விமானம் போன பிறகு, என்னடா சொன்னாய் என்று கேட்டேன்.

"சொல்லிட்டேனே. கேக்காதது உன் தப்பு."

அன்று அவன் சாதாரணக் குரலில் அதைச் சொல்வதற்குள் இன்னும் சில விமானங்கள் இறங்கிவிட்டன. தனக்குச் சர்க்கரை வியாதி என்று அவன் சொன்னபோது நான் சிரித்தேன். ஜோக் என்றுதான் நினைத்தேன். "அது தாத்தாங்களுக்குத்தானேடா வரும்?" என்றேன்.

"எனக்கு வயசு தெரியாம வந்துடுச்சு" என்றான். "உன் பிஸ்கட்டுலேந்து என்னைக் காப்பாத்துனது அறிவு இல்லடா, கணையம். சின்ன வயசுலயே ரிட்டயர் ஆயிடுச்சு. அதுக்கு தினம் ரெண்டு வேளை ஊசியால நான் பென்ஷன் கட்டறேன்."

அதற்குப் பிறகு நாங்கள் பத்திரிகை வேலையை அந்த மாடியில்தான் செய்தோம். விமானம் வரும்போதெல்லாம் அவன் எழுந்து நின்று கத்துவான். நானும் காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பழகிக்கொண்டேன். சில நாள் கெட்ட வார்த்தை. சில நாள் யாராவது உறவுக்காரர் பெயர். பெரும்பாலான நாள் ஒரே வாக்கியம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சர்க்கரை வியாதி என்றால் இனிப்பு சாப்பிடக் கூடாது, அவ்வளவுதானே என்று இந்தத் தெருவில் எல்லோரும் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அது அவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. மைசூர்பாகை மூஞ்சிக்கு நேராக நீட்டினாலும் அவன் கண் சிமிட்டமாட்டான். அவனை அரித்தது வேறு.

அவன் வீட்டில் காலையில் ஒரு சோதனை நடக்கும். கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அவனுடைய சிறுநீரைச் சொட்டுவிட்டு, ஸ்டவ்வில் காட்டுவார்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் முகம் சுருங்கும். செங்கல் நிறம் வந்தால் அன்று வீட்டில் யாருக்கும் இட்லி இறங்காது. பிளஸ் டூ கெமிஸ்ட்ரி லேபில் அதே சோதனையை நாங்கள் முதல் தடவையாகச் செய்து, நிறம் மாறுவதைப் பார்த்து வாயைப் பிளந்தபோது, இவன் மட்டும் கொட்டாவி விட்டான். "எங்க வீட்டு காலை டிபன்டா இது" என்றான்.

"தினமும் ரிசல்ட் வர்ற ஒரே ஸ்டூடண்ட் நான்தான்" என்பான். ஃபெயில் ஆன நாளில் அவன் அம்மா, "என்னத்தடா தின்னே?" என்று கேட்பார். அவன் எதையும் தின்றிருக்கமாட்டான். சளி பிடித்தாலும் நிறம் ஏறும், பரீட்சைக்குப் பயந்தாலும் ஏறும், காரணமே இல்லாமலும் ஏறும். ஆனால் கேள்வி அதேதான். ஒரு நாள் மாடியில் என்னிடம் கேட்டான்: "காய்ச்சல் வந்தவனைப் பாத்து யாராவது என்ன தப்பு பண்ணினேன்னு கேக்கறாங்களா? எனக்கு மட்டும் வியாதி தினம் காலைல போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போய் விசாரிக்குதுடா."

சேட்டையில் அவன் எனக்குக் குறைந்தவன் இல்லை. ஒரு நாள் குழாயில் வெறும் தண்ணீரை விட்டுவிட்டான். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். அம்மா அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தாராம். அன்று முழுக்க வீட்டில் ரேடியோ பாடியதாம். அதிலிருந்து எப்போதாவது தண்ணீரை விட ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்தது. இது விளையாடுகிற விஷயமா என்று, நானே, அதுவும் நானே, கேட்டேன். "விளையாட்டு இல்லடா. அம்மாவுக்கு லீவு குடுக்கறேன். அவங்களுக்கும் சேத்துதானே வந்திருக்கு?" என்றான்.

இப்போது தனபால் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருப்பவரை உங்களில் தெரியாதவர் கிடையாது. அவருடைய அப்பா காலத்தில் முடிச்சூரில் நெல் விளைந்த நிலம். அது மனையாகி விற்றபின் இவருக்கு வந்த தொழில் இந்த ஸ்டாண்டு. நாங்கள் டோக்கனே வாங்காமல் சைக்கிள் விடும் உரிமை படைத்தவர்கள். நான் ஒரு தடவை எல்லாச் சைக்கிளிலும் டோக்கனை மாற்றிக் கட்டிவிட்டபோது அவர் என்னைத் துரத்திய வேகத்தை ஸ்டேஷனே பார்த்திருக்கிறது. ஆனால் சாதிக் மேல் அவருக்குத் தனிப் பிரியம்.

அதற்குக் காரணம் ஒரு ரம்ஜான் மாதம். நோயாளிக்கு நோன்பு கட்டாயமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே அவனுக்குச் சொல்லியிருந்தார். அவன் அம்மாவும் சோறு கட்டிக் கொடுத்துவிடுவார். கடவுளுக்கும் பிரச்சினை இல்லை, வீட்டுக்கும் பிரச்சினை இல்லை. பிரச்சினை நம்மைப் போன்றவர்கள்தான். எங்கே டிபன் டப்பாவைத் திறந்தாலும், "என்னப்பா, நோன்பு வைக்கலியா?" என்று ஒருவர் கேட்பார். இஸ்லாத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாதவர்தான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் வியாதியைச் சொல்ல வேண்டும். அதனால் அவன் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஒளிந்து சாப்பிட்டான். தனபால் அண்ணன் அதைப் பார்த்தார். பையன் திருட்டுத்தனமாக நோன்பை ஏமாற்றுகிறான் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். கண்ணடித்து, "நீ துன்னு கண்ணு. நா ஒருத்தங்கிட்டயும் மூச்சு வுடமாட்டேன்" என்றாராம். சாதிக் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தப்பான ரகசியத்தை ஒரு மனுஷன் இவ்வளவு நேர்மையாகக் காப்பாற்றுகிறாரே என்று சிரித்தான். எனக்கும் அன்று சிரிப்பு வந்தது.

ஊசி போட்டுக்கொண்டவன் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் உடம்பில் சர்க்கரை இறங்கிவிடும். வேர்க்கும், கை நடுங்கும், வாய் குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், கால் பின்னும். அந்த நேரத்தில் அவனுக்கு மருந்தே சர்க்கரைதான். ஒரு மிட்டாய் போதும். அதற்காகத்தான் அவன் பாக்கெட்டில் எப்போதும் பேப்பர் சுற்றிய மிட்டாய் இருக்கும்.

பிளஸ் டூ பரீட்சையின்போது வாசலில் பாக்கெட்டைச் சோதித்தார்கள். கண்காணிப்புக்கு வந்த வாத்தியார் அவனுடைய மிட்டாய்களை எடுத்து, பேப்பருக்குள் பிட் எழுதியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். மிட்டாயைத் தரமாட்டேன் என்றார். எதற்கு என்று கேட்டார். சாதிக் அவர் காதோடு சொன்னான். அவர் அதை ஹாலோடு சொன்னார். "பாவம், இந்த வயசுலயே சர்க்கரை வியாதியாம்." எல்லாத் தலையும் திரும்பின. பிரித்த மிட்டாய்களை அவன் மேஜையில் கொட்டிவிட்டு, அவர் அவன் தலையை வேறு தடவிவிட்டுப் போனார். பரீட்சை முடிவதற்குள் மிட்டாய் உருகி வினாத்தாளில் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நடத்தியதே நீங்கள்தான். அவன் கடைத்தெருவில் போனால் ஒருவர் பாகற்காய் என்பார், ஒருவர் வெந்தயம் என்பார், ஒருவர் ஊசியை நிறுத்து, மூலிகைப் பொடி தருகிறேன் என்பார். "டாக்டரைத் தவிர எல்லாரும் எனக்கு டாக்டரா இருக்காங்கடா" என்று அவன் சொன்னது அப்போதுதான். இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அவன் அம்மாவிடமே போய்க் கவலைப்பட்டீர்கள். மீசைகூட ஒழுங்காக முளைக்காதவனுக்கு! நம் டீம் பசங்கள் மட்டும் என்ன? ஓப்பனிங் இறங்கிக்கொண்டிருந்தவனை, "பாவம்டா, ஓட வேணாம்" என்று அம்பயராக நிற்க வைத்தார்கள். அன்று அவன் பேட் பிடித்த அத்தனை பேருக்கும் அவுட் கொடுத்தான். பந்து போடுவதற்கு முன்பே ஒருவனுக்குக் கொடுத்தான். ஏன்டா என்று சண்டைக்குப் போனபோது, "நீங்க என்னைக் கேட்டா அவுட்டாக்கினீங்க?" என்றான். பிறகு அவன் மைதானத்துக்கு வரவில்லை.

சிட்டிக்குள் ஒரு பாலிடெக்னிக்கில் அவனுக்கு இடம் கிடைத்தது. முதல் நாள் எலெக்ட்ரிக் ட்ரெயினில் போய்விட்டு வந்தவன் முகத்தில், அம்மாவின் நீல நாள்போல ஒரு வெளிச்சம். "அங்க ஒருத்தனுக்கும் தெரியாதுடா. நான் வெறும் சாதிக். கேன்டீன்ல ஒருத்தன் என் கையிலயே ஜாங்கிரிய வச்சான். வேணாம்னதும் சரி போடான்னு அவனே தின்னுட்டான். அவ்ளோதான். எவ்ளோ சிம்பிளா இருக்கு பாத்தியா?" என்றான். மிட்டாய் இருக்கிறதா என்று கேட்டேன். பரீட்சைக்குப் பிறகு மிட்டாய்ப் பேப்பர் சத்தம் கேட்டாலே குமட்டுகிறது என்றான். நீயும் யாருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கிக்கொண்டான்.

நான் சொல்லவில்லை. இப்போது சிலர் என்னைப் பிடித்து, நீயாவது சொல்லியிருக்கலாமே என்கிறார்கள். அவன் வியாதி அவனுடையது. யாரிடம் சொல்வது என்பதும் அவனுடையது. அதில் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சொன்னவனுக்கு இந்தத் தெரு என்ன கொடுத்தது என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன். வேண்டுமானால் இன்னொரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் வந்தது. அன்று பாலிடெக்னிக்கில் ஒர்க்ஷாப் வகுப்பு. இரும்புத் துண்டை அரம் வைத்து ராவிச் சதுரமாக்க வேண்டும்; முடிக்காமல் யாரும் வெளியே போகக் கூடாது. சாப்பாட்டு வேளை தாண்டிவிட்டது. சார், நான் சாப்பிட வேண்டும் என்று அவன் கேட்டிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்டிருப்பார். அந்த ஏனுக்குப் பயந்து அவன் ராவிக்கொண்டே இருந்தான். முடிந்ததும் கேன்டீன் மூடியிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று ரயிலேறிவிட்டான். கூட வந்த ஒரு பையன் பிறகு என்னிடம் சொன்னான்: சாதிக் ரயிலில் உளறினான், கம்பியைப் பிடிக்கச் சொன்னதற்கு அடிக்க வந்தான், "ஏதோ போட்டுக்கிட்டான்னு நெனச்சு நான் தள்ளிப் போய் நின்னுட்டேன்." வெறும் சாதிக் ஆக இருந்ததற்கு அந்த ஊர் வைத்த விலை அது.

தாம்பரத்தில் இறங்கி எப்படியோ ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டான். சைக்கிள் பூட்டில் சாவி நுழையவில்லை. வேர்த்துக் கொட்டுகிறது, தள்ளாடுகிறான், உதவ வந்த தனபால் அண்ணனைப் பிடித்துத் தள்ளுகிறான். தனபால் அண்ணனின் சொந்தத் தம்பி குடித்தே செத்தவன். இந்தத் தள்ளாட்டத்தை அவர் ஆயிரம் சாயங்காலம் பார்த்திருக்கிறார். இன்னொரு தடவை பார்க்க அவருக்குக் கண்ணே தேவையில்லை. நம் தெருவில் ஓடிய பேச்சும் ஸ்டாண்டு வரைக்கும் போனதில்லை; ஐயோ, இந்தப் பையனுமா என்றுதான் அவர் நினைத்தார்.

அந்த ஸ்டாண்டுக்கு எதிரிலேயே டீக்கடை. மேஜைமேல் டப்பா நிறையச் சர்க்கரை. தூக்கிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்திருந்தால்கூடப் பிழைத்திருப்பான். ஆனால் நாலு பேர் பார்ப்பார்கள். தொழுகை தவறாத மனுஷனின் பிள்ளை குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று ஊர் பேசும். அந்த அவமானம் அந்த வீட்டுக்கு வரக் கூடாது என்று அவர் பதறினார். அவனை அணைத்துக்கொண்டு போய் அதே தகரக் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தார். தலையில் தண்ணீர் ஊற்றித் துவட்டினார். போதை இறங்குவதற்கு எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார். உப்புப் போட்டு. சர்க்கரை போட்டால் போதை ஏறும் என்று அவர் தம்பிக்குச் செய்துவந்த கைப்பக்குவம். பையன் கண்ணை மூடியதும், தூங்குகிறான், தெளிந்துவிடும் என்று போர்வை போர்த்திவிட்டார்.

பிள்ளையைக் காணோமே என்று அத்தா ஸ்டாண்டுக்கு வந்தார். முடிச்சூர் ரோட்டில் ஸ்கூட்டர் சீட் தைக்கும் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். தனபால் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்தே ஒரு பொய் சொன்னார். சாதிக் வெங்கட்டு வீட்டுக்குப் படிக்கப் போயிருக்கிறான் என்றார். அத்தா நிம்மதியாகத் திரும்பிப் போனார். ஆனால் அம்மா விடவில்லை. அங்கே சாப்பிடுவதென்றால் அதற்கு முன் ஊசி போட வேண்டுமே, மருந்து இங்கே இருக்கிறதே என்று, ஈரத்துணியில் சுற்றி ஒரு தூக்குவாளியில் வைத்துக் கொடுத்தனுப்பினார். என் வீட்டு வாசலில் அந்தத் தூக்கோடு நின்று அத்தா சிரித்தார். "பசியோட இருப்பான், கூப்பிடுப்பா" என்றார்.

அவன் இங்கே வரவே இல்லை என்று நான் சொன்னேன். தனபால்தானே சொன்னார் என்று அவர் தூக்கோடு திரும்பி நடந்தார்.

இருவரும் ஸ்டாண்டுக்குப் போனோம். தனபால் அண்ணன் என்னை மட்டும் தனியாக இழுத்தார். "அத்தாவாண்ட வாயத் தொறக்காத. பையன் இன்னிக்குக் கொஞ்சம் ஊத்திகினான். உள்ள தூங்கினு கீறான். தெளிஞ்சதும் நானே இட்டாந்து வுடறேன்" என்றார்.

நான் கொட்டகைக்குள் ஓடினேன். தொட்டேன். எழுப்பினேன். அவன் எழவில்லை. வெளியே பாய்ந்து டீக்கடைச் சர்க்கரை டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். பல் கிட்டியிருந்தது. கன்னத்துக்குள் தடவினேன், உதட்டில் தடவினேன், பாதி தரையில் கொட்டியது. டீக்கடைக்காரர் திட்டிக்கொண்டே பின்னால் வந்து, பார்த்ததும் நின்றுவிட்டார். அத்தா வாசலில் நின்று, இத்தனை வருஷம் தெருவில் சத்தமாகச் சொல்லாததை அப்போதுதான் சொன்னார்.

"அவனுக்கு சுகர்யா. குடிக்கலய்யா அவன். சுகர்."

தனபால் அண்ணன் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஒரு வார்த்த," என்றார். "என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா பாய்?"

ஆட்டோவில் போகும்போது என் தோளில்தான் அவன் தலை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சர்க்கரை ஏறியது. அவன் ஏறி வரவில்லை. மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது என்றார் டாக்டர். அவன் அப்படியே கிடந்து, மறுநாளும் கிடந்து, அதற்கடுத்த காலையில் போனான். மற்றதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

எனக்குத் தனபால் அண்ணன் மேல் கோபம் வர வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள். முதல் வாரம் வந்தது. டயரையெல்லாம் கிழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் ஸ்டாண்டைத் திறக்கவில்லை. இறுதித் தொழுகையான ஜனாஸாவில் எல்லோருக்கும் பின்னால், செருப்பு விடும் இடத்தில் நின்றார். அவர் ஒருவர்தான் அன்று "பாவம்" என்று சொல்லவில்லை. சாதிக்குக்குக் கெட்ட பெயர் வரக் கூடாது என்று நினைத்து அவனைக் கொன்றுவிட்டவர் அவர். கெட்ட பெயர் என்று ஒன்றை ஒரு வியாதிக்கே வைத்தவர்கள் நாம். என் கோபம் அங்கேதான் நிற்கிறது, இறங்க மறுக்கிறது.

அடக்கம் முடிந்து வரும் வழியிலேயே, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அந்தப் பையன்" என்று பேசிக்கொண்டே வந்தீர்கள். தனபால் அண்ணனுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. அவரிடம் அவன் சொல்லவில்லை. உங்களுக்கு இல்லை. உங்களுக்குத்தான் தெரிந்திருந்ததே. தெரிந்து வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? தலையைத் தடவினீர்கள், பாகற்காய் கொடுத்தீர்கள், அம்பயராக்கினீர்கள். சர்க்கரை இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவராவது அவனிடம் கேட்டீர்களா? எந்தத் தின்பண்டம் கூடாது என்று மட்டும் தெருவுக்கே மனப்பாடம். எது வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. அக்கறை என்று பெயர் வைத்து ஆளைத் தள்ளி நிறுத்துகிற வித்தையை நம்மிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

சேகர் அண்ணன் மன்னிக்கவும். மரியாதையாகத்தான் ஆரம்பித்தேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியதைச் சொல்லி முடிக்கிறேன். அவனுடைய சைக்கிளை அத்தா என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். செயின் கவரைச் சரி செய்துவிட்டேன். அந்தச் சத்தம் இனி இந்தத் தெருவில் கேட்கக் கூடாது. அவன் கைவிட்ட மிட்டாயை நான் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள ஆரம்பித்திருக்கிறேன். பிளாட்பாரத்தில் எவனாவது சாய்ந்து கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணா, உங்களுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்கிறேன். இதுவரை நான் கேட்டவர்கள் எல்லோருமே உண்மையான குடிகாரர்கள். என் குடும்பத்தைப் பற்றி அவர்கள் சொன்னதை இந்தப் பத்திரிகையில் எழுத முடியாது.

தனபால் அண்ணன் ஸ்டாண்டை மறுபடியும் திறந்துவிட்டார். கொட்டகை ஆணியில் சர்க்கரை டப்பா ஒன்று தொங்குகிறது. போன வாரம் ஒருவர் தள்ளாடி வந்திருக்கிறார். இவர் பிடித்து உட்கார வைத்து, கேள்வியே கேட்காமல் ஒரு சொம்பு சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்க வைத்துவிட்டார். அந்த ஆள், "யோவ், நா கஷ்டப்பட்டு ஏத்திகினு வந்தத எறக்கி வுட்டுட்டியே" என்று அழுதானாம். சொல்லும்போது தனபால் அண்ணன் பாதி சிரித்தார், மீதியை முடிக்க முடியவில்லை. சாதிக் இருந்திருந்தால் அதைப் படம் போட்டிருப்பான். அதனால் இந்த இதழின் கடைசிப் பக்கத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். யாரும் அதில் பூ வரைந்து அனுப்ப வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பொழிச்சலூர் மாடிக்குத் தனியாகப் போனேன். விமானம் வந்தது. எழுந்து நின்றேன். அவன் வாக்கியத்தைக் கத்தலாம் என்று வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். விமானம் போய், சத்தம் அடங்கி, கீழே யாரோ துணி துவைக்கும் சத்தம் தெளிவாகக் கேட்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். துவைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார்.

இங்கேயும் எழுதிவிடுகிறேன். இந்தக் காகிதத்துக்கு மேலே எந்த விமானமும் போகவில்லை. நன்றாகவே கேட்கும்.

"நான் சுகர் இல்லடா. சாதிக்."